ஊதாக் கோடு

அந்தத் தெருவில் கழுகு என்றால் பறவையைச் சொல்கிறார்கள் என்று யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். பதினேழாம் எண் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் சாவிக்காரரின் மனைவிக்கு அது பெயர். பரிசோதனைப் பட்டை செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. அங்கே வைத்த பெயர் எப்படியோ பஸ் பிடித்துத் தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. காரணம் அவள் கண். மாடிக் கொடியில் காயும் இரண்டு வெள்ளைச் சட்டைகளில் எது போன வருஷத்துச் சட்டை, எது அதற்கு முந்தின வருஷத்துச் சட்டை என்று கீழே நின்றபடியே சொல்லிவிடுவாள். எதிர்வீட்டுக்காரி முடிச்சாயம் மாற்றியதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். எதிர்வீட்டுக்காரியின் கணவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் வேலை தங்கம் காய்ச்சுவது. இதைக் கேட்ட மாத்திரத்தில் தெருவில் பல பேருடைய பார்வை அவள் கழுத்துக்குப் போனது. கழுத்தில் புதிதாக ஒன்றும் ஏறியிருக்கவில்லை. அவள் காய்ச்சும் தங்கம் கண்ணுக்கே தெரியாது. ஒரு தலைமுடியின் குறுக்கே இரண்டாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அத்தனை பொடி. அவ்வளவு பொடியானால் தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. தண்ணீரில் மிதந்துகொண்டு மாதுளைச் சாறு போலச் சிவந்து நிற்கும். அதில் சாயம் ஒரு சொட்டுக் கிடையாது, எல்லாம் வெளிச்சம் செய்கிற வேலை. கூட்டம் நிறைந்த பஸ்ஸில் டிரைவர் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் நிற்கிறவர்கள் மொத்தமாக முன்னேயும் பின்னேயும் ஆடுவார்கள் அல்லவா? அதைப்போல ஒளி வந்து மோதும்போது துகளின் மேற்பரப்பில் இருக்கிற எலெக்ட்ரான்கள் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்துக்குப் பிளாஸ்மான் என்று பெயர். ஆட்டத்தின் தாளம் பச்சை ஒளியோடு பொருந்திப்போவதால் துகள் பச்சையை விழுங்கிவிடும். விழுங்காமல் விட்டது சிவப்பாகத் தெரியும்.

துகள்கள் தனித்தனியாக விலகி நிற்கும் வரைக்கும்தான் இந்தச் சிவப்பு. தண்ணீரில் கொஞ்சம் உப்பு ஏறினால் போதும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை ஒன்றையொன்று இழுப்பதால் ஆட்டம் மந்தமாகும். பச்சையை விட்டு ஆரஞ்சையும் சிவப்பையும் விழுங்கத் தொடங்கும். சாறு ஊதாவாகும், அப்புறம் நீலமாகும், அப்புறம் கொட்ட வேண்டியதுதான்.

இந்தச் சாற்றைத்தான் காகிதப் பட்டையில் ஏற்றி, மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பட்டையாகச் சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால், இதயம் அடிபட்டால் மட்டும் ரத்தத்தில் கலக்கும் புரதத்தைத் தங்கத் துகள் பிடித்துக்கொண்டு ஓடி, ஓரிடத்தில் கோடாக நிற்கும். புரதத்தைப் பிடிக்காத மிச்சத் துகள் சற்றுத் தள்ளி எப்போதும் இன்னொரு கோடு போடும். இரண்டு கோடு வந்தால் மாரடைப்பு. ஒரு கோடு வந்தால் பட்டை வேலை செய்கிறது, நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஆனால் ஒட்டிக் கட்டியாகிப்போன துகள் சரியாக ஓடாது, சரியாகப் பிடிக்காது. அப்போது மாரடைப்பு வந்தவருக்கும் ஒரே கோடுதான் வரும்.

அதனால்தான் நிறம் பார்க்க ஒரு ஆள். நிறத்தை எண்ணாகச் சொல்லும் இயந்திரம் ஒன்றும் தொழிற்சாலையில் உண்டு. அதன் விளக்கு அணைந்து ஐந்து மாதமாகிவிட்டது. மேலாளரிடம் புது விளக்கு கேட்டால், “ஆகட்டும்” என்பார். அவருக்கு ஆகட்டும் சார் என்று பெயர் நிலைத்ததே தவிர விளக்கு வந்தபாடில்லை. “நம்ம கழுகு இருக்கிறப்ப மெஷின் எதுக்கு?” என்று வேறு சொல்வார். அதைக் கேட்டுக் கழுகுக்குத் தலை கொஞ்சம் நிமிரும். நிமிராமல் இருக்குமா?

ஜன்னலோரம் ஒரு மாதிரிப் பாட்டில் உண்டு. அதைப் பெரியம்மா என்று கூப்பிடுவார்கள். புதிதாகக் காய்ச்சிய சாற்றைப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நிறம் ஒத்துப்போனால் கழுகு கையெழுத்துப் போடுவாள்.

அன்று சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு மாடியிலிருந்து நாத்தனார் தானாகவே கீழே இறங்கி வந்ததைப் பார்த்ததும் கழுகுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சாவிக்காரரின் அக்கா அவர். நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது என்ற வழக்கில் நான்கு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதை நாத்தனார் படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்துச் சொல்வார், கழுகு அடுப்பைப் பார்த்துப் பதில் சொல்வாள், நடுவில் சாவிக்காரர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

“தம்பி, நேத்துக் காலையிலேருந்து தாடையும் தோளும் ஒரே வலிடா,” என்றார் நாத்தனார். “பல்லுன்னு நெனச்சேன். ராத்திரி பூரா ஒரு மாதிரி வேர்க்குது.”

மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியும் நாத்தனாரின் மேலுதட்டில் வேர்வை. முகம் நனைந்த சாம்பல் நிறம். கழுகு அடுப்பை அணைத்தாள்.

மூன்று தெரு தள்ளி இருந்த சின்ன மருத்துவமனைக்கு வாடகைக் காரில் போனார்கள். டாக்டர் படுக்க வைத்து வயர்களை ஒட்டி இதயத்துடிப்பைக் காகிதத்தில் எடுத்தார். “பெரிசா ஒண்ணும் தெரியல. எதுக்கும் பட்டை ஒண்ணு போட்டுப் பார்த்துடலாம்,” என்றார். நர்ஸ் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்.

பெட்டியைப் பார்த்ததும் சாவிக்காரருக்கு அந்த நேரத்திலும் பெருமை. “இது எங்க வீட்டம்மா கம்பெனிது, சிஸ்டர். இவ பார்த்து சரின்னு சொன்னாத்தான் வெளியவே வரும்.”

“அப்படியா! அப்ப நம்பிப் போடலாம்,” என்று நர்ஸ் சிரித்தார்.

பதினைந்து நிமிஷம். ஒரு கோடு வந்தது, இரண்டாவது வரவில்லை. டாக்டர் பட்டையைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார். “நேத்துலேருந்து வலின்னா, மாரடைப்பா இருந்தா இந்நேரம் கண்டிப்பா காட்டியிருக்கும். வாயுத் தொல்லைதான். மாத்திரை எழுதித் தர்றேன்.”

“பார்த்தியா, ஒண்ணுமில்லைன்னுட்டாரு,” என்று நாத்தனார் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி உடம்பு தேறிவிட்டது போலிருந்தது.

கழுகு குப்பைத் தட்டில் கிடந்த பட்டையைப் பார்த்தாள். ஒற்றைக் கோடு. கோட்டில் குறையொன்றும் இல்லை. நிறம்தான் என்னவோ போலிருந்தது.  தலையைத் தூக்கினாள். எதிர்ச் சுவரில் தொழிற்சாலை நாலு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த விளக்க அட்டை மாட்டியிருந்தது. படிப்பவருக்குப் புரியட்டும் என்று அதில் நிஜப் பட்டை ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதன் கோடுகள் அறுத்த மாதுளையின் சிவப்பு. தட்டில் கிடந்ததோ வாடிப்போன கத்தரிப் பூவின் நிறம்.

ஊதா.

பெட்டியைத் திருப்பித் தொகுதி எண்ணைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவளே காய்ச்சி, அவளே பார்த்து, அவளே கையெழுத்துப் போட்டது.

“சிஸ்டர், இந்தக் கோடு என்ன கலர்?” என்று கேட்டாள். 

“சிவப்பு,” என்றார் நர்ஸ், பார்க்காமலேயே. பிறகு பார்த்துவிட்டு, “சிவப்புதானேம்மா. கோடு வந்தா சரி, நாங்க கலரையா பார்த்துக்கிட்டு இருப்போம்?” என்றார்.

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து படியிறங்கினாள். பயத்தில் ஓடுகிறவர்கள் உண்டு, அலறுகிறவர்கள் உண்டு. கழுகு காருக்குள் ஒழுங்காக ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கார் நகர்ந்தது. அவள் மூளை மட்டும் ஜன்னலோரத்துப் பெரியம்மாவிடம் நின்றுவிட்டது. ஒத்துப்போனதே! பக்கத்தில் வைத்துப் பார்த்தேனே, அக்காவும் தங்கையும் மாதிரி ஒரே நிறமாக இருந்ததே! எப்படித் தவறும்? முதல் தெரு முடிவதற்குள் விடை கிடைத்துவிட்டது. கிடைக்காமலே போயிருக்கலாம்.

மாதிரிப் பாட்டிலை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது விதி. முத்திரை போட்ட பாட்டில்கள் தீர்ந்துபோய், வேறு வாங்குவதும் ஆகட்டும் சாரின் ஆகட்டுமில் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு முறை ஒப்பிடும்போதும் பெரியம்மாவிலிருந்து கொஞ்சம் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றியாக வேண்டும். மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. அதனால் தேறிய ஒவ்வொரு சாற்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துப் பெரியம்மாவில் விட்டு நிரப்பி வைத்தாள் கழுகு. சிக்கனக்காரி என்று பாராட்டுக்கூடக் கிடைத்தது. இந்த ஐந்து மாதத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகி உப்பை விட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சாறும் போன சாற்றைவிட மயிரிழை ஊதா. அந்த மயிரிழையைத் தன் கையாலேயே பெரியம்மாவுக்கு ஊட்டி ஊட்டி, பெரியம்மாவையும் ஊதாவாக்கி, அதோடு ஒப்பிட்டுச் சரி சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பழுதைப் பழுதோடு ஒப்பிட்டால் கழுகுக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது.

பக்கத்தில் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூச்சு மேல் மூச்சாக வந்தது. தேய்த்துக்கொண்டிருந்த கையின் நகங்களைக் கழுகு பார்த்தாள். அங்கேயும் ஊதா.

“வண்டியைத் திருப்புங்க,” என்றாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். என்னங்க, சொல்லுங்க அவர்கிட்ட. அந்தப் பட்டை சரியில்லை. அண்ணிக்கு மாரடைப்பா இருக்கலாம்.”

 நாத்தனார் கண்ணைத் திறந்தார்.

“நாலு மாசம் கழிச்சு வாயைத் திறந்தா. திறந்ததும் என்ன சொல்றா பாரு! டாக்டரு ஒண்ணுமில்லைங்கிறாரு, இவளுக்கு மனசு ஆறல. எனக்கு மாரடைப்பு வந்தே ஆகணுமாம்!”

“அண்ணி, நான் அப்படிச் சொல்லல…”

“நீ எப்படிச் சொன்னாலும் அர்த்தம் அதுதான். மாடி போர்ஷன் காலியாகும்ல?”

“அக்கா, சும்மா இரு,” என்றார் சாவிக்காரர். மனைவி பக்கம் திரும்பி, “நீயும்தான். அவங்க டாக்டர். நீ என்ன டாக்டரா? பட்டை சரியில்லைன்னா எப்படிச் சரியில்லாம போகும்? நீதானே பார்த்து அனுப்புற?”

“கேளுடா தம்பி, நல்லாக் கேளு! என் கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு ஊரைக் கூட்டிச் சொல்றவ. இப்ப அவ பார்த்த பட்டையே பொய்யாம். சாட்சி எங்க?”

சாட்சி கைக்குட்டைக்குள் இருந்தது. எடுத்து நீட்டினாள். அக்கா தம்பி இருவரின் தலைகளும் அதன்மேல் குனிந்தன என்று சொல்ல ஆசைதான். நாத்தனார் தொடக்கூட மறுத்தார். சாவிக்காரர் மட்டும் வாங்கிக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார். நுணுக்கமான சாவிப் பல்லையெல்லாம் அராவுகிற கண். அவருக்கும் ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான்.

“சிவப்பாத்தானே இருக்கு?”

இனி மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று.  அதைச் சொன்னால் வேலை போகும். தெருவில் இனி யார் எந்தப் பெயரில் கூப்பிடுவார்கள் என்பதும் தெரியும். அதையெல்லாம்விட நாத்தனார் முன்னால், வாய்க்கு வாய் கொடுக்கக் காத்திருக்கும் அந்த முகத்துக்கு முன்னால், தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

“என் கண்ணு தப்பிடுச்சுங்க,” என்றாள். “அஞ்சு மாசமா தப்பிட்டு இருந்திருக்கு. நான் கெட்டுப்போன பாட்டிலை வச்சு ஒப்பிட்டுட்டு இருந்தேன். அதைக் கெடுத்ததும் நான்தான். அந்தப் பட்டைக்கு மாரடைப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாது. என்னை அப்புறம் எவ்வளவு வேணா திட்டுங்க அண்ணி. காலம் பூரா திட்டுங்க. அதுக்காகவாவது இப்ப வாங்க.”

நாத்தனார் பதில் சொல்ல வாயெடுத்தார். நீதிமன்றத்தில் இத்தனை வருஷம் வாக்குமூலங்களைத் தட்டச்சு அடித்தவர். உண்மையான வாக்குமூலம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டார். அப்புறம், “தம்பி, வலி இப்ப கைக்கு இறங்குதுடா,” என்றார், சின்னப் பிள்ளையின் குரலில்.

டிரைவர் யாரும் சொல்லாமலே வண்டியைத் திருப்பினார்.

பெரிய மருத்துவமனையில் நாத்தனாரைச் சக்கரக் கட்டிலில் வைத்து ஒரு கதவுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே ரத்தத்தை இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சாவிக்காரர் மனைவியிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். கோபமா, பயமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் கழுகுக்கு ஒரு எண்ணம் வந்தது. யாரிடமும் அவள் சொல்ல முடியாத எண்ணம். இயந்திரம் ஒன்றுமில்லை என்று சொன்னால் நாத்தனார் பிழைத்தார். ஆனால் பட்டையும் சரி, டாக்டரும் சரி, கழுகு மட்டும் பைத்தியக்காரி. காரில் கொடுத்த வாக்குமூலத்தை நாத்தனார் ஆயுசுக்கும் பிரதியெடுத்து விநியோகிப்பார். இயந்திரம் ஆமாம் என்று சொன்னால்? ஆமாம் என்று சொல்லட்டும் என்று தன் மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டிருப்பதை அவள் கண்டுகொண்டாள். கண்டதும் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். காரில் நாத்தனார் சொன்னது பொய்யில்லையோ?

டாக்டர் வெளியே வந்தார். “யாரு கூட்டிட்டு வந்தது? மாரடைப்புதான். சின்ன அளவுலதான் காட்டுது, ஆனா நிச்சயம். உடனே உள்ள கொண்டுபோறோம். வீட்டுக்குப் போயிருந்தா சாயந்திரம் வரைக்கும் தாங்கியிருப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது.”

சாவிக்காரர் எழுந்தார், நடுவிலிருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவர் தோள் அவள் தோளில் பட்டது.

இரண்டு மணிக்கு அடைப்பை எடுத்துவிட்டோம் என்றார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். நாத்தனார் வயர்களுக்கு நடுவில் படுத்திருந்தார். கழுகைப் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கி, போ போ என்கிற மாதிரி அசைத்தார். அது கோபமா சமாதானமா என்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொல்ல முடியவில்லை. முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. அதை மட்டும் கழுகு இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டாள். தன் கண்ணை நம்ப இப்போது அவளுக்கு ஒரு முறை பார்ப்பது போதவில்லை.

உயிர் வந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்தாள். உட்கார்ந்த அடுத்த நிமிஷம் எழுந்துவிட்டாள்.

அந்தத் தொகுதியில் மட்டும் நாலாயிரம் பட்டை. அதற்கு முந்தின தொகுதி? அதற்கும் முந்தினது?

ஆகட்டும் சாரைப் போனில் பிடித்தாள். முழுவதும் கேட்டார். “சனிக்கிழமை பாரு. திங்கக்கிழமை வா, பேசலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே. ஆகட்டும்?”

“ஆகாது சார்,” என்று வைத்துவிட்டாள். வேலையும் அந்த நிமிஷத்தோடு போயிருக்கும். அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

பட்டைகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் தோழிக்குப் போன் போட்டாள். “ஏண்டி, லீவு நாள்ல…” என்று ஆரம்பித்த தோழி, விஷயத்தைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, எந்தப் பெட்டி எந்த மருத்துவமனைக்குப் போனது என்ற பட்டியலை அனுப்பினாள். அறுபத்தொரு பெயர். சாவிக்காரர் பாதியை எடுத்துக்கொண்டார். அவருக்கு வாயில் வார்த்தை வராது. வந்த வார்த்தையை வைத்துப் பேச ஆரம்பித்தார்.

கழுகின் முதல் அழைப்பை ஒரு இளம் நர்ஸ் எடுத்தாள்.

“அந்தப் பட்டைங்களா? நல்லாத்தான் இருக்கு, மேடம். கோடு நல்லா சிவப்பா வருதே.”

“சிவப்பா? லைட்டுக்குக் கீழே பார்க்காதேம்மா. போட்ட பட்டை ஏதாவது இருந்தா ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போ. சுவத்துல எங்க அட்டை மாட்டியிருப்பீங்க. அது பக்கத்துல வச்சுப் பாரு.”

போன் மேஜையில் வைக்கப்படும் சத்தம். செருப்புச் சத்தம் தூரம் போனது. ஒரு திரையை விலக்கும் சத்தம். அதன் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. 

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. இந்த முறை ஓடி வந்தது.

“மேடம்… இது வேற மாதிரி இருக்கு. ஊதா மாதிரி. ஆனா மேடம், இது நேத்து சாயந்திரம் போட்டது. ஒரு பெரியவரு. நெஞ்சு வலின்னு வந்தாரு. ஒரு கோடுதான் வந்துச்சு. வாயுன்னு சொல்லி அனுப்பிட்டோமே.”

கழுகு பையிலிருந்து மாத்திரைச் சீட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

“அவர் வீட்டு நம்பர் இருக்கா?”

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. நர்ஸ் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள், கழுகு சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டாள். அந்த அழைப்பை வைத்துவிட்டு எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மணி போனது. ஒரு முறை, இரண்டு முறை. ஐந்து முறை ஆகியும் யாரும் எடுக்கவில்லை. அவள் வைக்காமல் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள்.